கூனும் நிமிர்வும்: முதுகெலும்பு வளைவுச் சிகிச்சையின் வரலாறும் மலையகத் தோட்டங்களும்

மலையகத்தைப் பொருளாகக் கொண்ட கவிதைகளையும் கதைகளையும் படிப்போர் வளைந்த முதுகு என்னும் படிமத்தைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வர். தலையிற் கயிறு பூட்டிக் கூடை சுமக்கும் பெண்ணின் முதுகு சுரண்டலின் குறியீடாகவும், அம்முதுகு நிமிரும் நாள் விடுதலையின் குறியீடாகவும் நமது முற்போக்கு எழுத்தில் நிலைபெற்றுவிட்டன. குறியீடு என்ற அளவில் அதிற் குற்றங்காண வேண்டியதில்லை. ஆயின் நாளடைவில் குறியீடே நோய்க்காரணமாக வாசிக்கப்படும் நிலை தோன்றிவிட்டது. கூடை சுமந்ததால் முதுகு வளைந்தது, தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்ததால் எலும்பு கோணியது, ஒருக்களித்துப் படுத்ததால் தோள் ஏறி இறங்கியது என்றெல்லாம் லயங்களிற் சொல்லப்படுவனவற்றுக்கு நமது எழுத்தும் ஒருவகையில் உடன்பட்டு நிற்கின்றது. ஹட்டன் பகுதித் தோட்டமொன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் முதுகெலும்பு உண்மையிலேயே வளையத் தொடங்கும்போது, இந்த விளக்கம் அவளுக்கு உதவுவதில்லை. பழி தாயின் மீது விழுகின்றது. கலியாணப் பேச்சை எண்ணி வளைவு தாவணிக்குள் மறைக்கப்படுகின்றது. சிகிச்சைக்குரிய காலம் கடந்துவிடுகின்றது.

மருத்துவர் ஸ்கோலியோசிஸ் எனக் குறிக்கும் முதுகெலும்பின் பக்கவளைவு பலவகைப்படும். பிறவியிலேயே முள்ளெலும்புகள் கோணலாக அமைவதால் வருவதுண்டு. இளம்பிள்ளைவாதம் முதலிய நரம்பு, தசை நோய்களால் வருவதுண்டு. ஆனால் பெரும்பான்மை வளைவுகள் பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையில், வேறு எந்த நோயுமற்ற பிள்ளைகளிடத்து, காரணம் துணியப்படாத நிலையில் தோன்றுவன. நூறு பிள்ளைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்குப் பத்துப் பாகைக்கு மேற்பட்ட வளைவு காணப்படும் என்பது பல நாடுகளிற் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. சிறுவளைவு இருபாலாருக்கும் ஏறக்குறையச் சமமாக வரினும், அது பெருவளைவாக முற்றுவது பெண்பிள்ளைகளிடத்தே மிகுதி. குடும்பவழித் தொடர்பு உண்டென்பது தெளிவு. சுமையாலும் புத்தகப்பையாலும் படுக்கும் முறையாலும் இது வருவதற்குச் சான்றில்லை. ஆகவே கொழும்பு ஏழில் வாழும் சிறுமிக்கும் டிக்கோயாவில் வாழும் சிறுமிக்கும் இவ்வளைவு ஒருபடித்தாகவே வரலாம். வர்க்கம் இங்கே வளைவின் தோற்றத்தில் இல்லை. அது எப்போது, யாருடைய கண்ணிற் படுகின்றது என்பதிலேயே இருக்கின்றது. பொருள்முதல்வாத நோக்கில் இவ்வேறுபாடு சிறியதன்று. காரணத்தைத் தவறான இடத்தில் தேடும் விமரிசனம், குற்றவாளியையும் தவறான இடத்திலேயே கண்டு அமைதியடைந்துவிடும்.

தமிழிலக்கியத்தில் கூன் பெற்ற இடத்தை இவ்விடத்துச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். கலித்தொகையின் மருதக்கலியில், 94 ஆம் பாடல் கூனி ஒருத்திக்கும் குறளன் ஒருவனுக்கும் இடையிலான காதல் உரையாடலாக அமைந்துள்ளது. இருவரும் அரண்மனையில் ஏவல் செய்வோர். ஒருவர் உடலை மற்றவர் எள்ளித் தொடங்கும் உரையாடல் கூட்டத்தில் முடிகின்றது. ஆனால் அரண்மனையில் உள்ளோர் கண்டால் நகைப்பரே என்ற அச்சம் அவர்களை விட்டகலவில்லை. அடியோர், வினைவலர் ஆகியோரின் காதலை ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திய இலக்கண மரபை மனங்கொண்டு படிக்கும்போது, உடற்குறையும் ஏவல்நிலையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பது புலனாகும். கம்பனில் கூனி சூழ்ச்சியின் உருவம்; சிறுவன் இராமன் விளையாட்டாக அவள் முதுகில் மண்ணுருண்டை எய்தமை அவளது வன்மத்துக்கு வித்தாகச் சொல்லப்படுகின்றது. பெரியபுராணத்திலோ கூன்பாண்டியனின் முதுகு திருஞானசம்பந்தரின் பாடலால் நிமிர, அவன் நின்றசீர் நெடுமாறனாகின்றான். ஏவலாளின் கூன் நகைப்புக்குரியது. அரசனின் கூன் அருளால் நிமிர்வது. நமது நவீன எழுத்து இம்மரபைத் தலைகீழாக்கி, உழைப்பாளியின் கூனைக் கழிவிரக்கத்துக்கும் கோபத்துக்கும் உரியதாக்கிற்று. எனினும் கூனை உடலாக அன்றிப் பொருளாகவே காணும் பழக்கத்தை அது கைவிடவில்லை. உண்மையான வளைவோடு வாழும் பிள்ளையொருத்தி, நிமிர்ந்த முதுகே மானமுள்ள முதுகு எனக் கூறும் வரிகளை எவ்வாறு வாசிப்பாள் என நமது கவிஞர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி, வளைந்த முதுகை நிமிர்த்தும் கருவிகளின் வரலாறு. பண்டைய கிரேக்க மருத்துவர் நோயாளியை ஏணியிற் கட்டித் தொங்கவிட்டும் பலகையிற் கிடத்தி இழுத்தும் பார்த்தனர். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புறுவாஸ் பரே, போர்க்கவசம் செய்யும் கொல்லரைக் கொண்டு துளையிட்ட இரும்புக் கச்சுகளைச் செய்வித்தார். 1741 இல் பாரிஸ் மருத்துவரான நிக்கலா ஆந்திரி பிள்ளைகளின் உடற்கோணல்களைத் திருத்துவது பற்றி எழுதிய நூலுக்கு, நேர் என்றும் பிள்ளை என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஓர்தோபெடி எனப் பெயரிட்டார். எலும்பு மருத்துவத்துறை உலகெங்கும் இன்றும் வழங்கும் பெயர் அதுவே. கோணிய இளமரமொன்றை நேரான கழியோடு கயிற்றாற் பிணைத்துக் கட்டியிருக்கும் அந்நூலின் ஓவியம் அத்துறையின் சின்னமாகவும் ஆகிவிட்டது. தோட்டங்களை அறிந்தவர்க்கு இச்சின்னம் வேறொன்றையும் நினைவூட்டும். தேயிலையும் இயல்பில் மரமே. கொழுந்து கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும்படி கவ்வாத்து வெட்டி வெட்டி அதனைச் செடியாக நிறுத்தியிருக்கின்றார்கள்.

1780 இல் சுவிற்சர்லாந்தின் ஓர்ப் என்னும் ஊரில் ஜோன் ஆந்திரே வெனெல் முதலாவது எலும்புத் திருத்த நிலையத்தைத் திறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய நிலையங்கள் ஐரோப்பாவெங்கும் பெருகின. அவற்றை நாடியோரிற் பெரும்பாலார் வசதி படைத்த குடும்பங்களின் பெண்மக்கள். மாதக்கணக்கிற் படுக்கையில் இழுபட்டுக் கிடப்பதற்கும் தனிக் கச்சு செய்விப்பதற்கும் ஓய்வும் பணமும் வேண்டியிருந்தன. அதே காலத்தில், 1845 இல், எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையை எழுதியபோது, ஆலைப் பிள்ளைகளின் வளைந்த முதுகெலும்புகளையும் கோணிய கால்களையும் விசாரணைக்குழு மருத்துவர்களின் சாட்சியங்கொண்டு விரிவாக எடுத்துக்காட்டினார். நீண்டநேர வேலையே அவற்றின் காரணம் என்பது அச்சாட்சிகளின் முடிபு. பிற்கால மருத்துவ அறிவைக்கொண்டு நோக்கின், அவ்வளைவுகளில் பல சூரிய ஒளியும் ஊட்டமுமற்ற வாழ்வால் வரும் என்புருக்கமும், நெருக்கமான குடியிருப்புகளிற் பரவிய காசநோய் முள்ளெலும்பைத் தாக்கியதும் எனக் கருத இடமுண்டு. காசநோயால் முதுகு முன்கூனுவதை இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட் 1779 இலேயே விவரித்திருந்தார். எங்கெல்ஸின் குற்றச்சாட்டு இதனால் வலுவிழக்கவில்லை. ஊட்டமின்மையும் நெருக்கமும் ஆலைமுறையின் விளைவுகளே. ஆனால் அவர் கண்ட வளைவு வேறு, இங்கு நாம் பேசும் வளரிளம்பருவ வளைவு வேறு. நம்மவர் கூடைக்கும் வளைவுக்கும் முடிச்சிட்டதில் அந்நூலின் தவறான வாசிப்பும் ஓரளவு பங்குகொண்டது என்பது என் எண்ணம்.

1865 இல் வில்லியம் அடம்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் எளிய சோதனையொன்றை எடுத்துரைத்தார். பிள்ளை கால்களைச் சேர்த்து நின்று முன்னாற் குனியவேண்டும். முதுகெலும்பு பக்கவளைவோடு முறுகியும் இருப்பின் முதுகின் ஒருபுறம் மறுபுறத்தினும் மேடாகத் தோன்றும். இதற்குக் கருவி வேண்டியதில்லை; பார்க்கத் தெரிந்த ஒருவரின் கண் போதும். 1870களில் நியூயோர்க்கின் லூயிஸ் சேயர், நோயாளியைத் தலையிலும் அக்குளிலும் பட்டியிட்டுத் தொங்கவிட்டு, உடலைச் சுற்றிச் சாந்துக்கட்டுப் போட்டு இறுகவிடும் முறையைப் பரப்பினார். அதுபற்றிய அவரது நூல் 1877 இல் வெளிவந்தது.

அந்த ஆண்டுகளை இலங்கை மலைநாட்டு வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பியை அழிக்கும் இலைநோய் தோன்றிற்று. 1884 இல் புகையிரதம் ஹட்டனை அடைந்தது. இடையில் 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் நிறைவேறியது. செலவை யார் தாங்குவது என்பதே அதையொட்டித் துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நிகழ்ந்த பூசலின் சாரம். 1880களின் திருத்தங்களும் 1912 இன் இரு கட்டளைச் சட்டங்களும் அப்பூசலின் தொடர்ச்சியே. இச்சட்டங்களாற் பிறந்தவையே மருத்துவ மாவட்டங்களும் தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் டிஸ்பென்சரிகளும். இவை கண்ட நோய்கள் எவை என்று பார்த்தால் இவ்வமைப்பின் தர்க்கம் விளங்கும். வயிற்றோட்டம், காய்ச்சல், கொக்கிப்புழு ஆகிய மூன்றும் தொழிலாளியை அன்றன்றைய பிரட்டிலிருந்து விலக்குவன, ஆகவே கவனத்துக்குரியன. 1916 இல் றொக்ஃபெல்லர் நிறுவகத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சி இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியபோது, மருந்து கொடுப்பதில் துரைமார் காட்டிய ஆர்வம் மலசலகூடம் கட்டுவதில் அவ்வளவாகக் காணப்படவில்லை. மருந்து உழைப்பை மீட்டுத் தருவது, கட்டடம் செலவு.

இத்தர்க்கத்தில் வளரிளம் பெண்ணின் முதுகெலும்பு வளைவுக்கு இடமே இல்லை. அது காய்ச்சல் தருவதில்லை. தொடக்கத்தில் வலியும் பெரும்பாலும் தருவதில்லை. கொழுந்து பறிக்கும் கையைத் தடுப்பதில்லை. முப்பது பாகை வளைந்த முதுகோடு பேர் விழ ஒரு தடையுமில்லை. உழைப்புச் சக்தியாக மட்டும் உடலைக் காணும் அமைப்புக்கு, உழைப்பைக் குறைக்காத நோய் நோயாகவே புலப்படாது.

வளைவைக் காணக்கூடிய மற்றோரிடம் பாடசாலை. இலங்கையில் 1926 இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதார அலகு முறை நாளடைவில் நாடெங்கும் பரவிப் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஒழுங்கையும் தன்னுள் கொண்டது. தோட்டங்கள் தமக்கெனத் தனி மருத்துவ ஒழுங்கு உடையன என்ற காரணத்தால் நெடுங்காலம் அதற்குப் புறத்தே நின்றன. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறவில்லை. அவற்றை அரசு பரந்த அளவிற் பொறுப்பேற்றது 1977 இன் பின்னரே. அதுவரை ஓராசிரியரோடு ஐந்தாம் வகுப்பில் முடிவுறும் பாடசாலைகளே பெரும்பாலானவை. அதன் பின்னர் சிறுமி தோட்டத்திற் பேர் பதிந்தாள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூன்று வீதங்களை வகுத்திருந்தமை, பிள்ளையுழைப்பு எவ்வளவு இயல்பானதாகக் கொள்ளப்பட்டது என்பதைக் காட்டும். முதுகெலும்பு விரைந்து வளர்ந்து வளைவு முற்றும் வயது, மலையகப் பெண்பிள்ளை பாடசாலையை விட்டு மலைக்குப் போன வயதாகவே இருந்தது. கூடை அவள் முதுகை வளைக்கவில்லை. ஆசிரியரோ மருத்துவரோ காணக்கூடிய இடத்திலிருந்து அது அவளை அகற்றிக் கொங்காணிக்குள் நிறுத்தியது.

மேலைநாடுகளில் இச்சிகிச்சை உருமாறிய ஆண்டுகளையும் இங்கே நிகழ்ந்தவற்றையும் அருகருகே வைத்தால் இடைவெளி இன்னும் துலங்கும். 1945-46 இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் வோல்டர் பிளவுண்டும் அல்பேட் ஷ்மிட்டும், இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்து அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்கெனக் கழுத்து வளையமும் இடுப்புப் பட்டையும் நெடுங்கம்பிகளும் கொண்ட பிரேஸ் ஒன்றை வடிவமைத்தனர். அறுவையின்றியே வளரிளம் பிள்ளைகளின் வளைவைத் தடுக்கவும் அது பின்னர் பயன்பட்டது. 1948 இல் ஜோன் கொப், எக்ஸ்கதிர்ப் படத்தில் வளைவைப் பாகையாக அளக்கும் முறையை வெளியிட்டார். அதே 1948 இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1962 இல் போல் ஹரிங்டன் உலோகக் கோலால் முதுகெலும்பை நிமிர்த்தும் அறுவையை வெளியுலகுக்கு அறிவித்தார். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1970களின் முற்பகுதியில் பொஸ்டன் நகரில் ஜோன் ஹோலும் வில்லியம் மில்லரும் கழுத்து வளையமற்ற, சட்டைக்குள் மறையக்கூடிய பிளாஸ்டிக் பிரேஸை உருவாக்கினர். ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து தலைமன்னார் நோக்கிக் குடும்பங்கள் அழுதழுது புறப்பட்ட காலம் அது. தோட்டங்களிற் பஞ்சம் தலைவிரித்தாடிய காலமும் அதுவே. இரு வரிசைகளுக்குமிடையே காரணகாரியத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் இச்சிகிச்சைக்கு இன்றியமையாத ஒன்று, பிள்ளை ஆண்டுக்கணக்கில் ஒரே மருத்துவரின் கண்காணிப்பில் இருத்தல். அடுத்த ஆண்டு எந்நாட்டில் இருப்போம் என்றறியாத குடும்பத்துக்கு அத்தகைய சிகிச்சையைத் திட்டமிடுதல் எங்ஙனம் இயலும்?

பிரேஸ் உண்மையிற் பயன்தருமா என்ற ஐயம் மருத்துவரிடையே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 நிலையங்களில் நடத்தப்பட்டு 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று அதனைப் பெருமளவு தீர்த்துவைத்தது. பத்து முதல் பதினைந்து வயது வரையான, எலும்பு முதிராத, இருபது முதல் நாற்பது பாகை வரை வளைவுள்ள 242 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். பிரேஸ் அணிந்தோரில் 72 வீதத்தினரிடத்தும், அணியாது கண்காணிக்கப்பட்டோரில் 48 வீதத்தினரிடத்தும், வளர்ச்சி முடியும்வரை வளைவு ஐம்பது பாகையை எட்டவில்லை. ஐம்பது பாகையை எட்டினால் வளர்ச்சி நின்ற பின்னும் வளைவு கூடும் என்பதால் அறுவை பரிந்துரைக்கப்படுவது வழக்கம். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரையோ அதற்கு மேலோ அணிந்தோரிடத்து வெற்றி 90 வீதத்தைத் தாண்டியது. பயன் இவ்வளவு தெளிவானதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அணியாதோரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் அறுவைநிலையை எட்டவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அணிவோரிற் சிலர் அணியாமலே தப்பியிருக்கக்கூடியவர்கள். பிரேஸ் வளைவை நேராக்குவதுமன்று. வளர்ச்சி நிற்கும்வரை அது கூடாமற் தாங்கிப் பிடிப்பதே அதன் தொழில். வளைவின் குவிந்த பக்கத்தில் ஓரிடத்திலும், அதற்கு மேலும் கீழும் எதிர்ப்பக்கத்தில் ஈரிடங்களிலுமாக மூன்று புள்ளிகளில் அது அழுத்துகின்றது; அழுத்தத்துக்கு எதிரே உடல் நகர வெற்றிடம் விடப்படுகின்றது. எலும்பு முதிர்ந்தபின் அணிவதாற் பயனில்லை. இதனாற்றான் காலம் எல்லாமாகின்றது.

வைத்தியசாலைத் தாழ்வாரங்களில் நம்மவர் இதனை பெல்ட் என்றே சொல்வர். அதனை அணியும் பொறுப்பு சிறுமியினது எனினும், அணியவைப்பது வீடு. பத்தடி பன்னிரண்டடிக் காம்பராவில் அறுவர் படுக்குமிடத்தில் இறுகிய பிளாஸ்டிக் கூட்டோடு இரவைக் கழிப்பதை எண்ணிப் பாருங்கள். தோல் புண்ணாகாதிருக்க உள்ளே பருத்திப் பனியன் நாள்தோறும் மாற்றப்படல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஓயாத மாதங்களில் ஹட்டனில் துணி அடுப்பங்கரையிலன்றி உலர்வதில்லை. யாழ்ப்பாணத்து வெயிலோடு ஒப்பிட, நாலாயிரம் அடி உயரத்துக் குளிர் அணிவோர்க்குச் சற்று அனுகூலம் என்பதும் உண்மையே. வளர வளரப் பிரேஸ் மாற்றப்படல் வேண்டும். சில மாதங்களுக்கொருமுறை படமெடுத்துப் பாகை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லும் தாய்க்கு ஒரு நாட்பேர் போகின்றது. 2021 இல் ஆயிரம் ரூபா நாட்கூலிக்காகப் பட்ட பாட்டை நினைவுகூர்வோர்க்கு, நாட்பேரை இழத்தல் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பிள்ளை ஒழுங்காக அணியவில்லை என மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஒரு வரிக்குள் இவையெல்லாம் அடங்கிக் கிடக்கின்றன.

நிலைமை முன்போல் இல்லை என்பதும் சொல்லப்படவேண்டும். 1990களிலிருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள் சில சுகாதார அமைச்சின் கீழ் வந்தன. 2003 இன் சட்டம் நாடற்றோர் நிலைக்கு ஏறக்குறைய முற்றுப்புள்ளி வைத்தது. 2004 இல் செயற்கை உறுப்புகளும் உடற்தாங்கிகளும் செய்வோரைப் பயிற்றும் கல்லூரி இலங்கையிலேயே தொடங்கப்பட்டது. அத்தொழில் தெரிந்தவர் இன்றிப் பிரேஸ் வெறும் பிளாஸ்டிக். இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 2017 இல் திறக்கப்பட்டது. கட்டாயக் கல்வி வயது 2016 இலும், வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021 இலும் பதினாறாக உயர்த்தப்பட்டன. ஆகவே வளைவு முற்றும் வயதில் சிறுமி இன்று பெரும்பாலும் பாடசாலையிலேயே இருக்கின்றாள். எனினும் 2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியோர் நாடளவில் 17.3 வீதமாயிருக்க, தோட்டத்துறையில் 31.7 வீதமாயிருந்தனர். உயரம் குன்றிய உடலில் தோட்பட்டையின் ஏற்றத்தாழ்வைத் தனியே கவனிப்பார் அரியர்.

எல்லாப் பிள்ளைகளையும் குனியவைத்துச் சோதிப்பது தகுமா என்பது உலகளவில் தீராத விவாதம். தேவையற்ற எக்ஸ்கதிர்ப் படங்களும் தேவையற்ற கலக்கமும் விளையும் எனச் சிலர் தடுப்பர். 2018 இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று ஆதரவாகவோ எதிராகவோ கூறப் போதிய சான்றில்லை என்றது. எலும்பு மருத்துவர் சங்கங்களோ சோதனையை ஆதரிக்கின்றன. வளைவு தெரிந்தவுடன் மருத்துவரிடம் விரையக்கூடிய குடும்பங்கள் வாழும் சமூகத்தின் விவாதம் இது. தாய் விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பொழுதுசாய வரும் இடத்தில், பிள்ளையின் முதுகைப் பகல் வெளிச்சத்திற் பார்ப்பவர் ஆசிரியை ஒருவரே.

நமது பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஒழுங்கின்படி பிள்ளைகள் முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களிற் பார்க்கப்படுகின்றனர். ஏழாந் தரத்துச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயது. பத்தாந் தரத்தில் பதினைந்து. பெண்பிள்ளைகளின் முதுகெலும்பு மிக விரைந்து வளர்வது பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும் பின்னுமான காலத்தில். வளைவு இருபது பாகையிலிருந்து நாற்பதுக்குத் தாவக்கூடிய காலமும் அதுவே. ஏழில் தென்படாத வளைவு பத்தில் தென்படும்போது எலும்பு பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். பிரேஸுக்கு அப்போது வேலையில்லை. எட்டாந் தரத்திலும் ஒன்பதாந் தரத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை, உடற்பயிற்சிப் பாடவேளையில், ஆசிரியையோ பிரதேச மருத்துவமாதோ மூடிய அறையில் சிறுமியரைக் குனியச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம் செல்லும்.